சில நாளில் திரும்புகிறேன் என்று கிளம்பியவர்: ஓபரா கண்டக்டர் ஜார்ஜ் ஷோல்ட்டி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கத்திய இசையை இப்போதுதான் கேட்க ஆரம்பித்திருக்கும் நண்பர்களிடம் ஷோல்ட்டியின் பெயரை நான் அடிக்கடி சொல்வேன். உடனே கேள்விகள் வரும், பெரும்பாலும் ஒரே கேள்விகள். அவற்றுக்கெல்லாம் ஒரே இடத்தில் பதில் எழுதி வைத்துவிடலாம் என்றுதான் இது. சில பதில்கள் நீளம். அவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்குச் சுருக்கமாகச் சொல்ல வராது.

கேள்வி: முதலில், யார் இவர்?

1912 அக்டோபர் 21 அன்று புடாபெஸ்ட்டில் பிறந்த ஹங்கேரிய யூதர். பியானோக் கலைஞர், அப்புறம் கண்டக்டர், அதாவது ஆர்கெஸ்ட்ரா என்ற வாத்தியக் குழுவை முன்னால் நின்று நடத்துபவர். மியூனிக், ஃபிராங்க்ஃபர்ட், லண்டன் என்று மூன்று பெரிய ஓபரா அரங்குகளுக்கு இசை இயக்குநராக இருந்தார். கடைசியில் சிகாகோ சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவுக்கு 22 வருடம். 1997 செப்டம்பர் 5 அன்று பிரான்சில் ஆன்டிப் என்ற கடலோர ஊரில் தூக்கத்திலேயே இறந்தார். அதே நாள்தான் அன்னை தெரசாவும் இறந்தார், இங்கிலாந்தோ மறுநாள் டயானாவின் இறுதி ஊர்வலத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தது, அதனால் இவருடைய மரணச் செய்தி பல பேர் கண்ணில் படவே இல்லை.

கேள்வி: சோல்ட்டியா, ஷோல்ட்டியா? ஜார்ஜா, கியார்கா?

ஹங்கேரிய மொழியில் ‘எஸ்’ என்ற எழுத்துக்கு ‘ஷ’ ஒலி, அதனால் ஷோல்ட்டிதான் சரி. ஆனால் அது பிறந்தபோது வைத்த குடும்பப் பெயர் கிடையாது. அப்பாவின் பெயர் மோரிட்ஸ் ஸ்டெர்ன். யூதர் என்று பார்த்தவுடன் தெரிகிற பெயரோடு பிள்ளைகள் அன்றைய ஹங்கேரியில் வளர்வது கஷ்டம் என்று நினைத்து, அந்த நாட்டு ஊர் ஒன்றின் பெயரை ஒட்டி மகனுக்கும் மகளுக்கும் ஷோல்ட்டி என்று மாற்றினார், தன் பெயரை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டார். முன்பெயர் ஹங்கேரியில் ஒருவிதம், ஜெர்மன் பேசும் ஊர்களில் கேயோர்க், இங்கிலாந்தில் ஜார்ஜ். இப்படி ஒவ்வொரு எல்லையைத் தாண்டும்போதும் பெயரின் ஒலி கொஞ்சம் மாறியது. நான் ஜார்ஜ் என்றே எழுதுகிறேன், அவர் கடைசியாகக் குடியிருந்த ஊரில் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

கேள்வி: ஓபராவில் கண்டக்டருக்கு அப்படி என்ன வேலை? பாடுகிறவர்கள் மேடையில், வாசிக்கிறவர்கள் கீழே, நடுவில் இவர் எதற்கு?

அந்த ‘மேடையில், கீழே’தான் பிரச்சினையே. ஓபரா என்பது முழுக்கப் பாட்டாலேயே நடக்கிற நாடகம். ஆர்கெஸ்ட்ரா மேடைக்கு முன்னால் ஒரு பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும், அறுபது எழுபது பேர், ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னர் எழுதியது என்றால் நூறு பேர் வரை. மேடையின் பின்பக்கம் நிற்கும் பாடகருக்குக் கீழே வாசிப்பது லேசாகத்தான் கேட்கும், அதுவும் ஒரு நொடிப்பொழுது தாமதமாக. காதை நம்பிப் பாடினால் பின்தங்கிவிடுவார். அதனால் கண்ணை நம்ப வேண்டும், கண்டக்டர் கையில் இருக்கும் அந்தக் குச்சியின் நுனியை. இப்போதெல்லாம் மேடையின் ஓரங்களில் டிவி திரை வைத்துக் கண்டக்டரின் கையைக் காட்டுகிறார்கள், அந்தக் காலத்தில் அதுவும் இல்லை.

இதற்கு மேல் பாடகருக்கு மூச்சு வாங்கும், ஒரு நாள் தொண்டை சரியிருக்காது, ஒருவர் ஒரு வரியை விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவிவிடுவார். அந்த நொடியில் நூறு பேரையும் அவரோடு சேர்த்துத் தாவ வைப்பது கண்டக்டர் வேலை. பெரும்பாலும் வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் சிம்பொனியை நடத்துவதை விட ஓபரா நடத்துவது கஷ்டம் என்று இசைக்காரர்கள் சொல்வது இதனால்தான். அதற்குப் பாடகரின் வரி ஒவ்வொன்றும், அவர் எங்கே மூச்சு எடுப்பார் என்பது உட்பட, கண்டக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஷோல்ட்டிக்குத் தெரிந்திருந்தது. எப்படி என்பது அடுத்த பதிலில்.

கேள்வி: எங்கே கற்றுக்கொண்டார்?

படித்தது புடாபெஸ்ட்டின் லிஸ்ட் அகாடமியில். ஆசிரியர்கள் பெயரைப் பாருங்கள், எல்லோரும் ஹங்கேரியின் பெரிய இசையமைப்பாளர்கள்: தோஹ்னான்யி, கொடாய், லியோ வெய்னர், சில வாரங்களுக்கு பார்ட்டோக்கும் வகுப்பெடுத்தார். வெய்னரிடம்தான் அதிகம் கற்றதாக ஷோல்ட்டி எப்போதும் சொல்வார். கண்டக்டர் ஆக வேண்டும் என்ற ஆசை வந்தது பதின்மூன்று, பதினான்கு வயதில், எரிச் கிளைபர் நடத்திய பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியைக் கேட்ட அன்று.

ஆனால் தொழில் கற்றது அகாடமியில் இல்லை, புடாபெஸ்ட் அரசு ஓபராவில், ரெப்பெட்டிட்டராக. பதினெட்டு வயதில் சேர்ந்தார். ரெப்பெட்டிட்டர் என்பவர் பியானோ முன் உட்கார்ந்து, முழு ஆர்கெஸ்ட்ராவின் இசையையும் பத்து விரலுக்குள் சுருக்கி வாசித்துக்கொண்டே, பாடகர்களுக்கு வரி வரியாகப் பாடம் ஏற்றுபவர். காலையிலிருந்து மாலைவரை அதே வேலை. கைத்தட்டல் கிடையாது, பெயர் சுவரொட்டியில் வராது. ஒரு வரியை நாற்பது தடவை வாசிப்பார், பாடகர் நாற்பத்தொன்றாம் தடவையும் அதே இடத்தில் தப்புவார், மறுபடி வாசிக்க வேண்டும். இப்படிப் பல வருடம். ஓபராவை அடியிலிருந்து கற்றவர் என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால் இவரைத்தான் சொல்வேன். இப்போது வரும் இளம் கண்டக்டர்கள் பலர் இந்தப் படியை விட்டுவிட்டு நேராக மேடை ஏறுகிறார்கள், அது அவர்களுக்குத்தான் நஷ்டம் என்பது என் அபிப்பிராயம்.

1937-ல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் விழாவில் அவருக்கு ஒரு பெரிய வாய்ப்பு வந்தது. டோஸ்கனினி நடத்தும் ஒத்திகைக்கு அவசரமாக பியானோ வாசிக்க ஆள் தேவைப்பட்டது. டோஸ்கனினி என்றால் அன்று கண்டக்டர்களுக்கெல்லாம் சிகரம், கோபத்துக்கும் பெயர் போனவர். ஷோல்ட்டி வாசித்து முடித்ததும் அவர் சொன்னது ஒரே ஒரு வார்த்தை: ‘பேனே’. நல்லது என்று அர்த்தம். அந்த வருடம் மொசார்ட்டின் மாயப் புல்லாங்குழலில் வரும் மணியோசைக் கருவியை ஷோல்ட்டிதான் வாசித்தார், டோஸ்கனினி நடத்திய அந்தப் பதிவு இன்றும் கிடைக்கிறது. அந்தக் குட்டி மணிச் சத்தத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த இருபத்து நான்கு வயதுப் பையன் ஞாபகம் வரும்.

கேள்வி: அப்புறம் ஏன் ஹங்கேரியை விட்டுப் போனார்?

அவர் போகவில்லை, திரும்ப முடியாமல் போனது. இந்த வித்தியாசத்தைப் பலர் கவனிப்பதில்லை.

யூதர் என்பதால் அரசு ஓபராவில் அவருக்குக் கண்டக்ட் செய்ய இடம் தரவில்லை, வருடக்கணக்காக பியானோதான். கடைசியில் ஒரே ஒரு இரவு கொடுத்தார்கள்: 1938 மார்ச் 11, மொசார்ட்டின் ஃபிகரோ ஓபரா. எந்த நாள் என்று கவனியுங்கள். அதே இரவில்தான் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழையப்போகிற செய்தி வந்தது. எத்தனை வருடம் காத்திருந்த இரவு அது! அதைக் கொண்டாடக்கூட முடியவில்லை. சீக்கிரமே யூதர்களுக்கு எதிரான சட்டங்கள் வந்து, வேலையும் போனது.

1939 ஆகஸ்டில் சுவிட்சர்லாந்தின் லுசெர்ன் நகருக்கு ரயிலேறினார். டோஸ்கனினி அங்கே இருந்தார், அவரைப் பார்த்து அமெரிக்காவுக்குப் போக உதவி கேட்பது திட்டம். சில நாள் பயணம்தான். வழியனுப்ப அப்பா ஸ்டேஷனுக்கு வந்தார். ரயில் கிளம்பும் நேரத்தில் அப்பா அழ ஆரம்பித்துவிட்டார். மகனுக்குச் சங்கடம், இதற்கெல்லாமா அழுவார்கள், சீக்கிரம் திரும்பி வந்துவிடுவேனே என்று கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டார். லுசெர்னில் இருக்கும்போது அம்மாவிடமிருந்து தந்தி வந்தது, திரும்பி வராதே என்று. போர் ஆரம்பித்தது. அம்மாவும் அக்காவும் உயிர் பிழைத்தார்கள், ஆனால் அப்பாவை அவர் மறுபடி பார்க்கவே இல்லை.

அந்த ஸ்டேஷனில் கடுமையாகப் பேசியதை எண்ணி எண்பது வயதிலும் வருந்தினார், தன் நினைவுக் குறிப்புகளிலும் அதை எழுதி வைத்தார். அப்பா அழுததை நாம் எல்லோரும் ஏதாவது ஒரு பிளாட்பாரத்தில் பார்த்திருப்போம், அதனாலோ என்னவோ இந்தப் பக்கத்தை என்னால் வேகமாகக் கடக்க முடிவதில்லை.

கேள்வி: சுவிட்சர்லாந்தில் என்ன செய்தார்?

ஏழு வருடம் கிட்டத்தட்ட கண்டக்ட் செய்யாமலே இருந்தார். அவ்வளவுதான், ஆனால் இதில்தான் அவருடைய வாழ்க்கையின் திறவுகோல் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

அகதிக்கு அங்கே தங்க அனுமதி உண்டு, வேலை செய்ய அனுமதி இல்லை. ஸூரிக்கில் மாக்ஸ் ஹிர்ட்செல் என்ற டெனர் (ஆண்களில் உச்சக் குரல்) பாடகர் தன் வீட்டில் இடம் கொடுத்தார், பதிலுக்கு ஷோல்ட்டி அவருக்கு வாக்னரின் டிரிஸ்டான் பாத்திரத்தைப் பாடம் ஏற்றினார். வேறு வழி தெரியாமல் மறுபடி பியானோவைப் பிடித்தார். 1942-ல் ஜெனீவா சர்வதேசப் போட்டியில் பியானோவுக்கு முதல் பரிசு வாங்கினார். அதற்குப் பிறகுதான் பியானோ சொல்லிக்கொடுத்துப் பிழைக்க அனுமதி கிடைத்தது.

இருபத்தாறு வயதில் ரயிலேறியவர், மறுபடி ஓபரா நடத்த நின்றபோது முப்பத்து மூன்று. ஒரு கண்டக்டர் தவறு செய்து கற்கிற வயது அது, அவரிடமிருந்து பிடுங்கப்பட்டது. பின்னாளில் அவரைப் பற்றிச் சொல்லப்பட்ட எல்லாமே, அந்த வேகம், அந்தப் பதற்றம், எண்பது வயதில்கூட நூறு தடவை நடத்திய இசைக்குறிப்பு நோட்டை மறுபடி முதல் பக்கத்திலிருந்து படிக்க உட்கார்வது, எல்லாம் இந்த ஏழு வருடத்தை ஈடுகட்டும் ஓட்டமாகவே எனக்குத் தெரிகிறது. அவர் குறிப்பெழுதிய நோட்டுகளைக் குடும்பத்தார் ஹார்வர்டு பல்கலைக்கழக இசை நூலகத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். அவற்றைப் பார்த்தாலே அந்த உழைப்பு புரியும்.

கேள்வி: போர் முடிந்ததும் ஒரு யூதர் ஜெர்மனிக்கே வேலைக்குப் போனாரா? எப்படி மனசு வந்தது?

இதைக் கேட்காதவர்களே இல்லை. கேட்க வேண்டிய கேள்விதான்.

நடந்தது இது. 1946-ல் ஜெர்மனியின் பெயர் பெற்ற கண்டக்டர்கள் பலருக்கு நாஜித் தொடர்பு விசாரணை முடியும்வரை மேடை ஏறத் தடை. மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தில் அமெரிக்க ராணுவ நிர்வாகத்தின் இசைப் பொறுப்பு எட்வர்ட் கிலென்யி என்பவரிடம் இருந்தது. அவரும் பியானோக் கலைஞர், புடாபெஸ்ட்டில் தோஹ்னான்யியிடம் படித்தவர், ஷோல்ட்டியைத் தெரியும். அந்த வழியில் வாய்ப்பு வந்தது. மியூனிக்கில் பீத்தோவனின் ஃபிடேலியோ ஓபராவை நடத்தினார், அநியாயமாகச் சிறையில் அடைக்கப்பட்டவனை மனைவி மீட்கும் கதை. அந்த வருடத்தில், அந்த ஊரில், அதை ஒரு யூத அகதி நடத்தியிருக்கிறார். உடனே பவேரிய அரசு ஓபராவின் இசை இயக்குநர் ஆனார். மியூனிக்கின் பெரிய ஓபரா அரங்கு குண்டு விழுந்து இடிந்து கிடந்தது, பிரின்ட்ஸ்ரெகென்டன் அரங்கில்தான் நிகழ்ச்சிகள்.

மனசு எப்படி வந்தது என்றால், கண்டக்ட் செய்யும் பசி மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிதாக இருந்தது. இதை அவர் மறைத்ததும் இல்லை, அழகுபடுத்தியதும் இல்லை. இன்னொன்று, அங்கே நடத்திய பெரும்பாலான ஓபராக்களை அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக நடத்தினார். பாடம் ஏற்றிய காலத்தில் பியானோவில் அவற்றின் ஒவ்வொரு வரியும் விரலுக்குள் போயிருந்ததால்தான் தப்பித்தார். மன்னித்தாரா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. வெளியிலிருந்து தீர்ப்புச் சொல்லும் தகுதி நமக்கு இல்லை என்றுதான் தோன்றுகிறது.

மியூனிக் காலத்தில் ஒரு நிகழ்ச்சி. 1949 செப்டம்பரில் ஜெர்மன் இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் 85 வயதில் இறந்தார். தன் இறுதிச் சடங்கில் தான் எழுதிய ரோசன்காவலியர் ஓபராவின் கடைசியில் வரும் மூவர் பாடலைப் பாட வேண்டும் என்பது அவர் விருப்பம், நடத்தியது ஷோல்ட்டி. மூன்று பெண் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிப் பின்னும் பாட்டு அது. பாடிக்கொண்டிருக்கும்போதே ஒருத்தி அழுது குரல் உடைந்து நிறுத்தினாள், அப்புறம் அடுத்தவள், அப்புறம் மூன்றாமவள். ஆர்கெஸ்ட்ரா மட்டும் போய்க்கொண்டே இருந்தது. பிறகு ஒவ்வொருத்தியாகத் தேறி உள்ளே வந்து, கடைசி வரியை மூன்று பேரும் சேர்ந்து முடித்தார்கள். முன்னே சொன்னேனே, பாடகர் தவறவிட்டால் கண்டக்டர் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று, அது இதுதான்.

கேள்வி: லண்டனில் அவரை வரவேற்றார்களா?

முதலில் இல்லை. ஃபிராங்க்ஃபர்ட்டில் 1952 முதல் 1961 வரை இருந்துவிட்டு, லண்டன் கோவென்ட் கார்டனில் இருக்கும் ராயல் ஓபராவுக்கு இசை இயக்குநராக வந்தார். ஏற்றுக்கொள் என்று வற்புறுத்தியவர் மூத்த கண்டக்டர் புரூனோ வால்டர், அவரும் ஹிட்லர் காலத்தில் நாட்டை விட்டு ஓடியவர். வந்தவுடன் ஷோல்ட்டி சொன்னது, இதை உலகத்திலேயே சிறந்த ஓபரா அரங்கு ஆக்குவேன் என்று. அதைச் சொன்ன தோரணை பலருக்குப் பிடிக்கவில்லை. ஒத்திகையில் கத்துவார், இடுங்கிய கண், வழுக்கைத் தலை, வாசிப்பவர்கள் ‘கத்தும் மண்டையோடு’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அரங்கில் கூச்சல் போட்டு எதிர்த்தார்கள், அவருடைய காரிலேயே ‘ஷோல்ட்டி வெளியேறு’ என்ற பொருளில் கிறுக்கி வைத்தார்கள். வந்தேறிக்கு எங்கேயும் நடக்கிறதுதான் அவருக்கும் நடந்தது.

பத்து வருடம் நின்றார். பல ஓபராக்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துப் பாடிக்கொண்டிருந்த வழக்கத்தைக் குறைத்து மூல மொழிக்குக் கொண்டு வந்தார். பாடகர்களை உட்கார வைத்துத் தானே பாடம் ஏற்றினார், பழைய ரெப்பெட்டிட்டர் அல்லவா. 1965-ல் ஷோன்பெர்கின் மோசஸும் ஆரோனும் என்ற மிகக் கடினமான ஓபராவை பிரிட்டனில் முதல் தடவையாக மேடையேற்றினார். உள்ளூர்க் குரல்கள் வளர்ந்தன. 1971-ல் அவர் போகும்போது, அவர் சொன்னதைச் செய்துவிட்டார் என்று எதிர்த்தவர்களே ஒத்துக்கொண்டார்கள். 1972-ல் பிரிட்டிஷ் குடியுரிமை, அதோடு ‘சர்’ பட்டம்.

கேள்வி: ஜுபின் மேத்தாவுக்கும் அவருக்கும் சண்டை என்கிறார்களே?

நம் ஊர்க்காரர் என்பதால் இது கட்டாயம் வரும். சண்டை மேத்தாவோடு இல்லை, லாஸ் ஏஞ்சல்ஸ் பில்ஹார்மோனிக் நிர்வாகத்தோடு. ஷோல்ட்டி அங்கே இசை இயக்குநராகப் பொறுப்பேற்க ஒப்புக்கொண்டிருந்தார். அவரைக் கேட்காமலே நிர்வாகம் பம்பாயிலிருந்து வந்த இளைஞர் ஒருவரை உதவிக் கண்டக்டராக நியமித்தது. என்னைக் கேட்காமல் எப்படி என்று 1961-ல் பதவி ஏற்கும் முன்பே விலகினார். அந்த இளைஞர்தான் மேத்தா, கடைசியில் அவரே அந்த ஆர்கெஸ்ட்ராவின் இயக்குநர் ஆனார். ஒருவர் கோபத்தில் திறந்து விட்ட கதவு வழியாக இன்னொரு புலம்பெயர்ந்தவர் உள்ளே போனார். இருவருக்குமே நல்லதாகத்தான் முடிந்தது.

கேள்வி: ‘ரிங்’ பதிவு என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது என்ன?

வாக்னரின் நிபெலுங்கின் மோதிரம், சுருக்கமாக ரிங், நான்கு ஓபராக்கள், மொத்தம் பதினைந்து மணி நேரம். அதை முழுதாக ஸ்டுடியோவில் முதல் தடவை பதிவு செய்தவர் ஷோல்ட்டி. டெக்கா என்ற ரெக்கார்டு நிறுவனத்துக்காக, வியன்னா பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவை வைத்து, வியன்னாவின் சோஃபியென்சால் கூடத்தில், 1958-ல் ஆரம்பித்து 1965-ல் முடித்தார்கள். தயாரிப்பாளர் ஜான் கல்ஷா. அவருடைய எண்ணம் எளிமையானது: ரெக்கார்டில் கேட்பவருக்கு மேடை தெரியாது, அப்படியானால் சத்தத்திலேயே மேடையைக் கட்ட வேண்டும்.

ஒரு இடத்தைச் சொல்கிறேன். முதல் ஓபரா ரைன்கோல்ட். தேவர்களின் தலைவன் பாதாளத்துக்கு இறங்குகிறான், அங்கே குள்ளர்கள் அடிமைகளாகப் பொன் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். வாக்னர் அங்கே 18 பட்டறைக்கல் வேண்டும் என்று எழுதியிருக்கிறார். பெரும்பாலான அரங்குகளில் ஏதோ சிலவற்றை வைத்துச் சமாளித்துவிடுவார்கள். கல்ஷா உண்மையாகவே 18 கற்களை வரவழைத்தார், அடிக்க 18 பேர். ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். ஆர்கெஸ்ட்ரா ஒரே இழுப்பாகக் கீழே இறங்கும், தூரத்தில் டிங்-டிட்டிங் என்று ஆரம்பிக்கும், நெருங்கும், ஒரு கட்டத்தில் ஆர்கெஸ்ட்ரா முழுதாக நின்று சுத்தியல் சத்தம் மட்டும் காதைச் சுற்றி நிறைந்துவிடும், அப்புறம் மெல்லப் பின்னால் போய்விடும். கொல்லுப் பட்டறைக்குள் கண்ணை மூடிக்கொண்டு நடந்து வந்த மாதிரி இருக்கும். நான் முதல் தடவை கேட்ட இரவு அந்த மூன்று நிமிடத்தை மட்டும் நாலைந்து தடவை போட்டுக் கேட்டேன்.

இன்னொன்று, கடைசி ஓபராவைப் பதிவு செய்தபோது பிபிசி அதைப் படமெடுத்தது. பிர்கிட் நில்சன் கதாநாயகியாகத் தன் குதிரையை அழைத்துப் பாடும் இடத்தில் குறும்பாக ஒரு நிஜக் குதிரையையே கூடத்துக்குள் கூட்டி வந்துவிட்டார்கள். அவர் சிரித்த சிரிப்பு படத்தில் இருக்கிறது. 2012-ல் பிபிசி மியூசிக் இதழ் எல்லாக் காலத்துக்கும் மிகச் சிறந்த ரெக்கார்டு என்று இந்த ரிங்கைத்தான் முதலிடத்தில் வைத்தது.

இதில் சொல்லாமல் விடக்கூடாத ஒன்று. வியன்னா பில்ஹார்மோனிக்கில் போர்க்காலத்தில் கிட்டத்தட்ட பாதிப் பேர் நாஜிக் கட்சி உறுப்பினர்கள். போருக்குப் பிறகும் அவர்களில் பலர் அதே நாற்காலியில் தொடர்ந்தார்கள். அவர்கள் முன்னால்தான் இவர் நின்று, ஹிட்லருக்குப் பிடித்த வாக்னரை, ஏழு வருடம் நடத்தினார். உறவு எப்போதும் சுமுகமாக இருந்ததில்லை. அந்த இசையில் இருக்கும் முறுக்குக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

கேள்வி: சத்தம் அதிகம், நளினம் குறைவு என்று சிலர் சொல்வது உண்மையா?

பாதி உண்மை. ஐம்பது, அறுபதுகளில் அவர் எல்லாவற்றையும் விரட்டினார், உச்சத்துக்கு அப்புறம் இன்னொரு உச்சம் வைப்பார், இடையில் மூச்சுவிட இடம் தர மாட்டார். வாக்னருக்கு அது பொருந்தியது, மொசார்ட்டுக்கு எல்லா இடத்திலும் பொருந்தவில்லை. ஆனால் எண்பதுகளின் ஆரம்பத்தில் அவர் செய்த ஃபிகரோ பதிவைக் கேட்டுவிட்டு நளினம் இல்லை என்று சொல்லுங்கள் பார்ப்போம். கிரி தே கனாவா, லூசியா பாப், ஃபிரெடெரிகா வான் ஸ்டேட் பாடியது. 1938 மார்ச்சில் நடத்தியும் கொண்டாட முடியாமல் போன அதே ஓபரா.

கேள்வி: இவர் மட்டும்தான் இப்படிப் புலம்பெயர்ந்தவரா?

இல்லவே இல்லை. கோவென்ட் கார்டனின் முதல் மூன்று இசை இயக்குநர்களைப் பாருங்கள்: பிராக் நகரிலிருந்து தப்பி வந்த ஆஸ்திரியர் கார்ல் ராங்க்ல், செக் நாட்டை விட்டு வந்த ரஃபாயெல் குபெலிக், அப்புறம் ஷோல்ட்டி. இங்கிலாந்தின் கிளைண்ட்போர்ன் விழாவை 1934-ல் நிலைநிறுத்திக் காட்டியவர்கள் ஜெர்மனியை விட்டு வந்த ஃபிரிட்ஸ் புஷ்ஷும் கார்ல் எபெர்ட்டும். நியூயார்க் சிட்டி ஓபராவை 1957 முதல் 1979 வரை நடத்திய ஜூலியஸ் ரூடல் பதினேழு வயதில் வியன்னாவிலிருந்து தப்பியவர், நியூயார்க்கில் அவரும் ரெப்பெட்டிட்டராகத்தான் சேர்ந்தார். ஹிட்லர் துரத்திய ஆட்கள்தான் ஆங்கிலம் பேசும் நாடுகளின் ஓபராவைக் கட்டினார்கள் என்று சொன்னால் மிகை ஆகாது.

கேள்வி: சிகாகோ? கிராமி விருதுகள்?

1969 முதல் 1991 வரை சிகாகோ. ஓபரா ஆளை சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவுக்குக் கொண்டு வந்தார்கள், அவர் ஓபராவையும் கூடவே கொண்டு போனார், விடைபெறும்போதுகூட பவரொட்டியை வைத்து வெர்டியின் ஒத்தெல்லோவைத்தான் நடத்தினார். கிராமி மொத்தம் 31. வேறு யாரும் தொடாத எண்ணிக்கையாக அது பல வருடம் இருந்தது, 2023-ல்தான் பியான்சே தாண்டினார்.

கேள்வி: எதிலிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

ரைன்கோல்டின் பட்டறைக் காட்சி, பிறகு ஃபிகரோ. ரத்தம் கொதிக்க வேண்டுமானால் நில்சன் பாடிய எலெக்ட்ரா, ஸ்ட்ராஸின் ஓபரா. பார்க்கவும் வேண்டும் என்றால் 1994-ல் கோவென்ட் கார்டனில் நடத்திய லா டிராவியாட்டா. அவருக்கு அப்போது 82 வயது. அன்று அதிகம் தெரியாதவராக இருந்த ஆஞ்சலா கியோர்கியு பாடிய விதத்தைப் பார்த்து பிபிசி தன் வழக்கமான நிகழ்ச்சிகளைத் தள்ளிவைத்து அதை நேரடியாக ஒளிபரப்பியது.

கேள்வி: கடைசியில் அவர் எந்த நாட்டுக்காரர்?

சட்டப்படி ஹங்கேரி, அப்புறம் மேற்கு ஜெர்மனி, அப்புறம் பிரிட்டன். மாறாதது பேச்சு. எத்தனை மொழி பேசினாலும் ஹங்கேரிய வாடை போகவில்லை.

1997 ஜூனில், இறப்பதற்கு மூன்று மாதத்துக்கு முன், புடாபெஸ்ட் போனார். அங்கே உள்ள விழா ஆர்கெஸ்ட்ராவோடு தன் ஆசிரியர்கள் மூன்று பேரின் இசையைப் பதிவு செய்தார்: வெய்னர், கொடாய், பார்ட்டோக். அதுதான் அவருடைய கடைசி ஸ்டுடியோப் பதிவு. அதில் பார்ட்டோக் எழுதியது கான்டாட்டா புரொஃபானா. கதை இது: ஒரு அப்பாவுக்கு ஒன்பது பிள்ளைகள், காட்டில் வேட்டையாடித் திரிகிறவர்கள். ஒரு பாலத்தைத் தாண்டியதும் ஒன்பது பேரும் மான்களாகிவிடுகிறார்கள். தேடி வந்த அப்பா, வீட்டுக்கு வாருங்கள், விளக்கேற்றி வைத்திருக்கிறது, அம்மா காத்திருக்கிறாள் என்று கெஞ்சுகிறார். மூத்த மான் சொல்கிறது, வர முடியாது அப்பா, எங்கள் கொம்பு வாசல் வழியாக நுழையாது என்று.

கடைசியில் அவருடைய அஸ்தி போய்ச் சேர்ந்தது புடாபெஸ்ட்டில்தான். ஃபர்கஷ்ரேட்டி கல்லறையில், பார்ட்டோக்குக்குப் பக்கத்தில் இருக்கிறார்.